பழைய குறுந்தூர விமானம் வாங்கப் போகிறவர் எஞ்சினிலிருந்து தொடங்கட்டும்

குறுந்தூர விமானங்கள், அதாவது நூறு மீட்டர் புல்வெளி கிடைத்தால் ஏறி இறங்கக்கூடிய பழைய சிறு விமானங்களுக்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இன்றும் நல்ல கிராக்கி. இரண்டு மூன்று விமானிகள் சேர்ந்து ஒன்றை வாங்குவார்கள், செலவையும் பறக்கும் நேரத்தையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அப்படி வாங்க உட்காரும்போது பேச்சில் அடிபடும் பெயர்கள் பெரும்பாலும் இவைதான்: அமெரிக்காவின் பைப்பர் சூப்பர் கப், ஜெர்மனியின் ஃபீஸ்லர் ஸ்டார்க் அல்லது அதன் பிரெஞ்சு வடிவமான கிரிக்கே, அமெரிக்காவின் ஹீலியோ கூரியர், போலந்தின் வில்கா. கூடவே டோர்னியர் 27, ஆஸ்டர் ஆகியவையும் தலைகாட்டும். கனடாவின் பீவரும் இந்த இனம்தான். ஆனால் 450 குதிரைத்திறன் ரேடியலும் (சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி நிற்கும் எஞ்சின்) ஏழெட்டு இருக்கைகளுமாக அதன் செலவுக்கணக்கே வேறு. அதை இங்கே சேர்க்கவில்லை.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக இறக்கையைப் பற்றித்தான் பேசுவார்கள். எது எவ்வளவு மெதுவாகப் பறக்கும், எது எத்தனை மீட்டரில் நிற்கும் என்று. அதில் தப்பில்லை, இந்த விமானங்களின் அழகே அதுதான். ஆனால் வாங்கும் முடிவை அதை வைத்து எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இறக்கையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் சும்மா இருக்கும். எஞ்சின் அப்படியில்லை. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துக் கோர்க்க வேண்டியது அது. அன்றைக்கு சிலிண்டர் கிடைக்குமா, பேரிங் கிடைக்குமா, அதில் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் யாராவது இருக்கிறாரா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லையென்றால் உலகத்திலேயே சிறந்த இறக்கையும் கொட்டகையில்தான் நிற்கும். இந்த விமானங்களின் வம்ச வரலாற்றைப் பார்த்தாலே, ஒவ்வொன்றின் தலையெழுத்தையும் எஞ்சின்தான் எழுதியிருக்கிறது என்பது விளங்கும்.

இரண்டு குடும்பங்கள்

குறுகிய இடத்தில் ஏறி இறங்க வேண்டுமென்றால் மெதுவாகப் பறக்கத் தெரிய வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, எடையைக் குறைத்து இறக்கையைப் பெரிதாக வைப்பது. மற்றது, ஸ்டாலைத் தள்ளிப்போடுவது. வேகம் குறைந்து, மூக்கு தூக்கிக்கொண்டு, இறக்கையின் மேல் ஓடும் காற்று ஒட்டாமல் பிய்ந்துபோகிற நிலைதான் ஸ்டால். இறக்கையின் முன்விளிம்புக்குச் சற்று முன்னால் ஒரு மெல்லிய தகட்டை நிறுத்தி, இடையில் ஒரு சந்து விட்டால், அந்தச் சந்து வழியாகப் பாயும் காற்று மேற்பரப்பை விட்டு விலகாமல் இழுத்துப் பிடிக்கும். இந்த யோசனை இரண்டு பேருக்குத் தனித்தனியாகத் தோன்றியது. ஜெர்மன் விமானி குஸ்டாவ் லாக்மான் 1917இல் ஸ்டால் ஆகி விழுந்து, மருத்துவமனையில் படுத்திருந்தபோது இதை யோசித்தார். இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஹேண்ட்லி பேஜ் அதே காலத்தில் இதே முடிவுக்கு வந்தார். பின்னாளில் லாக்மான் ஹேண்ட்லி பேஜ் நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

முதல் வழியில் போன குடும்பம் கப். இரண்டாவது வழியில் போனவை ஸ்டார்க், ஹீலியோ, டோர்னியர் 27, வில்கா.

முழு எடையை இறக்கைப் பரப்பால் வகுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். சூப்பர் கப்பில் ஒரு சதுர மீட்டர் இறக்கை சுமப்பது ஏறக்குறைய 48 கிலோ. ஸ்டார்க்கில் 50 சொச்சம். ஹீலியோவில் 72. வில்காவில் 84. காலம் போகப் போக இறக்கை சுருங்கி, பாரம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் ஒரு குதிரைத்திறனுக்கு எத்தனை கிலோ என்று பார்த்தால் நான்கும் 5, 5.5 என்று ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இறக்கையில் யார் என்ன வித்தை காட்டினாலும் எஞ்சின் பலத்தில் யாராலும் சிக்கனம் பண்ண முடியவில்லை என்பதுதான் இதன் பொருள். ஓடுதளத்திலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பவும், எதிரே நிற்கிற மரத்தைத் தாண்டவும் கைகொடுப்பது அந்தப் பலம்தான்.

சூப்பர் கப்

கப்பின் கதை எஞ்சின் தோல்வியில் தொடங்குகிறது. 1930இல் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் சி. ஜி. டெய்லர் ஈ-2 என்ற இரண்டு பேர் விமானத்தைச் செய்தார். முதலில் பொருத்தியது 20 குதிரைத்திறன் கொண்ட டைகர் கிட்டன் எஞ்சின். விமானம் தரையை விட்டுச் சில அடி எழும்பியது, அதற்கு மேல் போகவில்லை. பிறகு பொருத்திய பிரெஞ்சு சால்ம்சனும் ஒத்துவரவில்லை. நிறுவனம் திவாலானது. எண்ணெய்க் கிணற்றுத் தொழிலில் இருந்த வில்லியம் பைப்பர் அதன் சொத்துகளைச் சில நூறு டாலருக்கு வாங்கினார். 1931இல் காண்டினென்டலின் 37 குதிரைத்திறன் ஏ-40 எஞ்சின் வந்தபிறகுதான் கப் விமானமாயிற்று. இறக்கை மாறவில்லை, எஞ்சின் மாறியது.

அப்புறம் நடந்ததெல்லாம் படிப்படியான வளர்ச்சி. ஜே-3 கப்பில் 65 குதிரைத்திறன் வந்தது. 1949இல் பிஏ-18 சூப்பர் கப் 90 குதிரைத்திறன் காண்டினென்டலோடு தொடங்கியது. இன்னொரு அமெரிக்க எஞ்சின் நிறுவனமான லைகமிங்கின் ஓ-235, ஓ-290 என்று ஏறி, 1950களின் நடுவில் 150 குதிரைத்திறன் ஓ-320இல் வந்து நிலைத்தது. பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி, ஒருவர் பின் ஒருவராக இரண்டு இருக்கை. முன்விளிம்புத் தகடு எதுவும் கிடையாது. இறக்கையின் வெட்டுமுகம்கூட ஈ-2 காலத்து யுஎஸ்ஏ-35பி தான்.

150 குதிரைத்திறன் சூப்பர் கப் முழு எடையில் 60 மீட்டர் ஓடி எழும்பும் என்று நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. அலாஸ்காவில் பெரிய பலூன் டயர் மாட்டி ஆற்று மணல்திட்டுகளில் இறக்குகிறவர்கள் இதை இன்னும் சுருக்கிவிடுவார்கள். வால்டெஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கிற குறுந்தூரப் போட்டியில் கப் குடும்பத்து விமானங்கள்தான் கூட்டத்தை இழுக்கின்றன. சரி, குறை? வேகம் போதாது, பெரிய டயர் போட்டால் இன்னும் குறையும். இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. தகடு இல்லாததால் ஸ்டால் வந்தால் வந்ததுதான், விமானி கவனமாக இருந்தாக வேண்டும். தரையில் எதையோ பார்த்தபடி தாழ்வாக வட்டமடித்து, வேகம் குறைந்ததைக் கவனிக்காமல் விழுந்த விபத்துகள் அலாஸ்காவில் நிறைய.

ஆனால் ஓ-320 என்ற எஞ்சினைப் பாருங்கள். 1968க்குப் பிறகு வந்த செஸ்னா 172களிலும் பைப்பர் செரோக்கிகளிலும் இதே எஞ்சின்தான் ஆயிரக்கணக்கில் ஓடியது. லைகமிங் இன்றும் தயாரிக்கிறது. 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துக் கோர்த்தால் போதும். உலகத்தில் எந்தச் சிறு விமான நிலையத்திலும் இதைத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். ஒரு மணி நேரத்துக்கு முப்பது லிட்டர் சொச்சம் பெட்ரோல் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐரோப்பியச் சந்தையில் கிடைக்கிற சூப்பர் கப்களில் பல பழைய ராணுவ விமானங்கள். எல்-18சி என்றால் 90 குதிரைத்திறன் காண்டினென்டல் இருக்கும். பலம் குறைவு, ஆனால் உதிரிபாகம் பிரச்சினையில்லை. எல்-21பி என்றால் 135 குதிரைத்திறன் ஓ-290. இந்த எஞ்சினை லைகமிங் நிறுத்திப் பல காலமாகிவிட்டது, சில பாகங்களுக்கு அலைய வேண்டிவரும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓ-290ஐக் கழற்றி ஓ-320 போட்டு, அதற்கான காகிதமெல்லாம் முறையாக இருக்கிற எல்-21 கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் அதையே எடுக்கலாம்.

ஸ்டார்க்கும் கிரிக்கேயும்

என் மனசு இங்கேதான் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 1936இல் முதலில் பறந்த ஃபீஸ்லர் 156 ஸ்டார்க்கை விமானக் காட்சிகளில் பார்ப்பவர்கள் அது காற்றில் நின்றுவிட்டதாகவே நினைப்பார்கள். 14.25 மீட்டர் அகல இறக்கை, அதன் முன்விளிம்பு நெடுகிலும் அசையாத தகடு, பின்பக்கம் கீழே மடங்கும் பெரிய ஃபிளாப்புகள். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் பறக்கும். நல்ல எதிர்காற்று அடித்தால் தரையோடு ஒப்பிடும்போது அசையாமல் தொங்கும். இறங்கும்போது நீண்ட கால்கள் சாவகாசமாக உள்வாங்கி அதிர்ச்சியைத் தின்றுவிடும். 1943 செப்டம்பர் 12 அன்று இத்தாலியின் கிரான் சாஸோ மலையுச்சியிலிருந்து முசோலினியை ஏற்றிக்கொண்டு கிளம்பியது இந்த விமானம்தான். அளவுக்கு மீறிய பாரத்தோடு, கல்லும் குழியுமான சரிவில் ஓடி, விளிம்பைத் தாண்டிக் கீழே சரிந்து, வேகம் பிடித்து மேலேறியது.

கப் குடும்பமும் ஸ்டார்க் குடும்பமும் ஒருமுறை வானில் நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் மேல் ஒரு அமெரிக்க எல்-4, அதாவது ராணுவ உடுப்பு போட்ட ஜே-3, தனக்குக் கீழே ஒரு ஸ்டார்க்கைப் பார்த்தது. எல்-4இல் துப்பாக்கி கிடையாது. உள்ளே இருந்த இருவரும் கைத்துப்பாக்கியை வெளியே நீட்டிச் சுட்டு ஸ்டார்க்கைத் தரைக்கு இறக்கினார்கள். பிறகு தாங்களும் பக்கத்தில் இறங்கி, காயம்பட்ட ஜெர்மானியருக்குக் கட்டுப் போட்டார்கள்.

ஸ்டார்க்கின் எஞ்சின் ஆர்குஸ் ஏஎஸ் 10. காற்றால் குளிரும் எட்டு சிலிண்டர், தலைகீழ் வி வடிவம், 240 குதிரைத்திறன். தலைகீழாக வைத்ததால் முன்பக்கம் தாழ்ந்து விமானிக்குப் பார்வை நன்றாகக் கிடைத்தது. ஆனால் சிலிண்டர் தலைகள் கீழே தொங்குவதால் நிற்கும்போது எண்ணெய் மெல்ல வடிந்து அவற்றுக்குள் இறங்கும். எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டன் எண்ணெயில் மோதி இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும், இக்னிஷன் அணைந்திருப்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் சில சுற்று மெதுவாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். எங்காவது இறுகி நின்றால் வலுக்கட்டாயமாகத் தள்ளவே கூடாது, பின்னோக்கிச் சுற்றியும் விடக் கூடாது. அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றிய ஓட்டை வழியாகக் கருப்பு எண்ணெய் ஒழுகும். ஒழுகி முடிந்தபின் பிளக்கைத் துடைத்து மாட்டி மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். ரேடியல் எஞ்சின்களில் கீழ்ப்பக்க சிலிண்டர்களுக்கும் இதே வேலைதான். இதற்குப் பொறுமையில்லாதவர்கள் கப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

போருக்குப் பிறகு நடந்ததுதான் வாங்குகிறவருக்கு முக்கியம். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்ஸின் பியூட்டோ நகரில் மொரான்-சோல்னியே தொழிற்சாலை ஸ்டார்க்கைத் தயாரித்துக்கொண்டிருந்தது. போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அதையே எம்எஸ்.500 கிரிக்கே என்று தங்களுக்காகத் தொடர்ந்தார்கள். ஆர்குஸ் எஞ்சினுக்கோ இனி தொழிற்சாலை இல்லை. கையிருப்பு தீரத் தீர மாற்று தேடினார்கள். எம்எஸ்.501இல் ரெனோவின் தலைகீழ் ஆறு சிலிண்டர். எம்எஸ்.502இல் சால்ம்சனின் ஒன்பது சிலிண்டர் ரேடியல், 230 குதிரைத்திறன். எம்எஸ்.505இல் அமெரிக்க ஜேக்கப்ஸ் ஆர்-755, ஏழு சிலிண்டர் ரேடியல். அதே இறக்கை, அதே உடம்பு, மூக்கு மட்டும் நான்கு விதம். சோவியத்திலும் இதே கதை நடந்தது. ஸ்டார்க்கைப் பின்பற்றி அந்தோனோவ் வடிவமைத்த ஓகேஏ-38 ரெனோ வழிவந்த எஞ்சினோடு தயாரானது. உற்பத்தி சூடுபிடிக்கும் முன்பே 1941 ஜெர்மன் படையெடுப்பு வந்துவிட்டது.

இன்றைக்கு இந்த நான்கில் எதை எடுப்பது? கூர்மையான மூக்கோடு ஆர்குஸ் போட்டதுதான் பார்க்க அசல். அருங்காட்சியகத்துக்கு அதுதான் சரி. பறப்பதற்கு எம்எஸ்.505. ஜேக்கப்ஸ் ஆர்-755 அமெரிக்காவில் செஸ்னா 195, ராணுவப் பயிற்சி விமானமாக இருந்த செஸ்னா டி-50 ஆகியவற்றில் ஓடிய எஞ்சின். போருக்காக ஏராளமாகச் செய்து குவித்தார்கள். அதைப் பிரித்துக் கோர்க்கிற பட்டறைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. குறைந்த சுழற்சியில் ஆட்டம் அதிகம், அமெரிக்கர்களே அதற்கு நடுக்கத்தை வைத்துப் பட்டப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வட்ட மூக்கு ஸ்டார்க்கின் முகத்தைக் கெடுக்கிறது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பறக்கிற ஸ்டார்க்தான் அழகான ஸ்டார்க்.

அசல் வடிவத்தில் இறக்கை மரம் என்பதை மறக்கக் கூடாது. எஞ்சினை விட்டால் இங்கே உயிரை எடுப்பது பசை ஒட்டுகள்தான். ஈரமான கொட்டகையில் பல ஆண்டு கிடந்த விமானமென்றால் துணியைக் கிழித்து உள்ளே பார்க்காமல் விலை பேசக் கூடாது. 14 மீட்டர் அகலத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், இறக்கைகள் பின்னால் மடிந்துகொள்ளும். தூரப் பயணத்துக்கு மட்டும் இதை நினைக்காதீர்கள். எதிர்காற்று அடிக்கிற நாளில் கீழே நெடுஞ்சாலையில் போகிற கார்கள் முந்திக்கொண்டு போகும்.

ஹீலியோவும் டோர்னியர் 27உம்

எம்ஐடியின் ஓட்டோ கோப்பனும் ஹார்வர்டின் லின் பொலிஞ்சரும் சேர்ந்து, ஸ்டால் ஆகாத, யாரும் பயமில்லாமல் ஓட்டக்கூடிய ஒரு விமானத்துக்கு முயன்றார்கள். 1949இல் பைப்பர் வேகபாண்ட் ஒன்றை வெட்டி ஒட்டி முன்மாதிரி செய்தார்கள். 1954இல் ஹீலியோ கூரியர் வந்தது. ஸ்டார்க்கில் தகடு அசையாமல் நின்று எப்போதும் காற்றைத் தடுக்கும், வேகம் போதாததற்கு அதுவும் ஒரு காரணம். ஹீலியோவில் தகடு தானாக இயங்கும். வேகமாகப் போகும்போது இறக்கையோடு ஒட்டிக்கொள்ளும். வேகம் குறைந்தால் காற்றின் இழுப்பிலேயே டப்பென்று வெளியே வரும். மோட்டாரும் இல்லை, நெம்புகோலும் இல்லை. இதனால் 250 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்டப் பறக்கிற விமானம் 50 கிலோமீட்டரிலும் கட்டுக்குள் இருக்கிறது. மெதுவாகப் பறக்கும்போதும் பக்கவாட்டில் சாய்க்க முடிவதற்கு இறக்கையின் மேலே சிறு தடுப்புத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். விழுந்தாலும் பயணிகளைக் காக்கும் எஃகுக் கூண்டு உள்ளே. லாவோஸ் மலைச்சரிவுகளில், அமெரிக்க உளவுத்துறையின் விமான நிறுவனமான ஏர் அமெரிக்காவின் விமானிகள் இதைத்தான் ஓட்டினார்கள். பெருவின் அமேசான் காடுகளில் மிஷனரி விமானிகளும் இதைத்தான் நம்பினார்கள். வடிவமைப்பு என்று மட்டும் பார்த்தால் இந்தக் கட்டுரையில் வருகிற விமானங்களில் ஹீலியோதான் முதலிடம்.

எஞ்சின்தான் சிக்கல். பிரபலமான எச்-395, எச்-295 இரண்டிலும் லைகமிங் ஜிஓ-480, 295 குதிரைத்திறன். ஆறு சிலிண்டர். அந்த சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் சூப்பர் கப்பின் ஓ-320இல் இருக்கிற அதே அளவுதான். ஓ-320 அதில் நான்கை வைத்து நிமிடத்துக்கு 2,700 சுற்றில் 150 குதிரைத்திறன் எடுக்கிறது, அதாவது சிலிண்டருக்கு 37.5. ஜிஓ-480 ஆறை வைத்து 3,400 சுற்றில் 295 எடுக்கிறது, சிலிண்டருக்கு 49. அவ்வளவு வேகத்தில் ப்ரொப்பெல்லரைச் சுழற்ற முடியாது. நுனி ஒலிவேகத்தை நெருங்கி வெறும் சத்தமாகப் போய்விடும். அதனால் இடையில் பல்சக்கரம் வைத்து 2,180 சுற்றுக்குக் குறைக்கிறார்கள். பெரிய ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுழல்வதால் கிளம்பும்போது இழுவை அபாரம். விலை? வேகமாகத் தேய்கிற சிலிண்டர்கள், கூடுதலாக ஒரு பல்சக்கரப் பெட்டி, உற்பத்தி நின்றுபோன எஞ்சின்.

ஓட்டுகிற முறையும் மாற வேண்டும். மேலிருந்து இறங்கும்போது எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைச் சட்டென்று மூடிவிட்டால் காற்று ப்ரொப்பெல்லரைத் தள்ளி, ப்ரொப்பெல்லர் எஞ்சினைச் சுற்ற ஆரம்பிக்கும். பல்சக்கரத்தின் மறுபக்கப் பற்கள் அடிவாங்கும். கொஞ்சம் பவர் வைத்தபடியே இறங்கப் பழக வேண்டும். முன்பு இருந்தவர்கள் அப்படிப் பழகினார்களா என்பது எந்தப் பதிவேட்டிலும் எழுதியிருக்காது. அங்கேதான் பயம்.

டோர்னியர் 27க்கும் இதே எஞ்சின் குடும்பம், 270 குதிரைத்திறன். போருக்குப் பிறகு ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை இருந்ததால் டோர்னியர் ஆட்கள் மாட்ரிட்டில் உட்கார்ந்து தொடங்கிய வடிவமைப்பு இது. 1955க்குப் பிறகு 600க்கு மேல் செய்தார்கள். செரங்கெட்டியில் வரிக்குதிரைக் கோடு போட்டு ஜெர்மன் விலங்கியலாளர்களான க்ரிசிமெக் தந்தையும் மகனும் விலங்குக் கணக்கெடுப்புக்குப் பறந்தது இதில்தான். 1959இல் ஒரு கழுகு மோதி மகன் மிகாயேல் உயிரிழந்ததும் இதில்தான். அகலமான கதவு, தாராளமான இடம், சுற்றிலும் கண்ணாடி. ஆனால் முழு எடை 1,850 கிலோ என்னும்போது ஒரு குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய 7 கிலோ. முழு பாரத்தில் கோடை நாளில் இதற்கு மூச்சு வாங்கும். இரண்டு பேரோடு பறக்கிறவருக்கு இனிமையான விமானம்.

ஹீலியோ வாங்கியே தீருவேன் என்கிறவருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 1960களில் எச்-250 என்று ஒன்று செய்தார்கள். பல்சக்கரம் இல்லாத, நேரடியாகச் சுழலும் லைகமிங் ஓ-540, 250 குதிரைத்திறன். கிளம்பும் இழுவை கொஞ்சம் குறையும். ஆனால் ஓ-540 எத்தனையோ விமானங்களில் ஓடுகிற, இன்றும் தயாரிப்பில் உள்ள எஞ்சின். செய்தது குறைவு, தேடித்தான் பிடிக்க வேண்டும். கிடைத்தால் விடாதீர்கள்.

வில்கா

பலர் வில்காவின் தோற்றத்தைப் பார்த்தே ஒதுங்கிவிடுவார்கள். உயரமான கால், வளைந்த முதுகு, மேல்நோக்கித் திறக்கும் கதவு. அது வீண் தயக்கம். வார்சாவின் ஒகென்சியே தொழிற்சாலை, சோவியத் யாக்-12 வழிவந்த காவ்ரோன் விமானத்துக்குப் பதிலாக இதைச் செய்தது. 1962இல் பறந்த முதல் வில்காவில் போலந்தின் சொந்த எஞ்சினான டபிள்யூஎன்-6 இருந்தது. விமானம் கனமாக, சோம்பலாக இருந்தது. உடம்பை மாற்றி வடிவமைத்து, சோவியத் இவ்சென்கோ ஏஐ-14 ரேடியலைப் பொருத்திய பிறகு, 1967இல் வில்கா 35ஆக உருப்பட்டது. பக்கத்து நாடான செக்கோஸ்லோவாக்கியாவில் எல்-60 பிரிகாடிர் விமானத்துக்கும் இதே வைத்தியம்தான். அதன் பிராகா டோரிஸ் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஏஐ-14 குடும்பத்து ரேடியலை மாட்டிய பிறகுதான் உரிமையாளர்கள் நிம்மதியானார்கள்.

ஏஐ-14 ஒன்பது சிலிண்டர், 10 லிட்டர், வில்காவில் 260 குதிரைத்திறன். இதன் உறவினர்கள்தான் யாக்-18ஏ எஞ்சினும், சீன சிஜே-6 பயிற்சி விமானத்தின் எஞ்சினும். இதிலிருந்தே வளர்ந்த 360 குதிரைத்திறன் எம்-14பி யாக்-52இலும் சுகோய் சாகச விமானங்களிலும் ஓடுகிறது. அதனால் மேற்கே இருந்தாலும் இதைத் தெரிந்த பட்டறைகள் உண்டு. எம்-14பியையே வில்காவில் பொருத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. அழுத்தக் காற்றை நேரே சிலிண்டருக்குள் விட்டு எஞ்சினைச் சுழற்றுவார்கள். ஓடும்போது எஞ்சினே காற்றுக் குடுவையை நிரப்பிக்கொள்ளும். எங்காவது ஒரு வால்வு கசிந்தால் மறுநாள் குடுவை காலி. வெளியூரில் இறங்கினால் கூட ஒரு காற்று சிலிண்டர் வேண்டும், இல்லையென்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ப்ரொப்பெல்லரும் அமெரிக்க எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் சுழலும். கிளம்பும்போது கப்பில் வலது காலை அழுத்திப் பழகியவர் இதில் இடது காலை அழுத்த வேண்டும். பெட்ரோல் மணிக்கு ஐம்பது லிட்டருக்குக் குறையாது. நான்கு இருக்கை, முழு உலோகம், முன்விளிம்பு நெடுகிலும் அசையாத தகடு. கரடுமுரடான தரையைத் தாங்குகிற கால்கள். கிளைடர் இழுக்கும் மன்றங்களில் பல பத்தாண்டு உழைத்த விமானம் இது.

ஆஸ்டர், சுருக்கமாக

ஆஸ்டர் கப்பின் பங்காளி. பைப்பரோடு மனஸ்தாபமாகிப் பிரிந்த சி. ஜி. டெய்லர் தொடங்கிய டெய்லர்கிராஃப்டின் ஆங்கிலக் கிளை செய்தது. எஞ்சின் விஷயத்தில் இது ஒரு கதம்பம்: சிர்ரஸ் மைனர், ஜிப்சி மேஜர், லைகமிங் ஓ-290, கடைசியாக 1954இல் வந்த ஏஓபி.9இல் 180 குதிரைத்திறன் சிர்ரஸ் பம்பார்டியர். ஏஓபி.9தான் இவற்றில் உண்மையான குறுந்தூர விமானம். இந்தியத் தரைப்படையும் பீரங்கிக் கண்காணிப்புக்கு இதை வைத்திருந்தது. அந்த இடத்துக்குப் பின்னர் வந்த பெங்களூரு எச்ஏஎல்லின் கிருஷாக், செஸ்னா 180 ஓட்டிய அதே காண்டினென்டல் ஓ-470 குடும்பத்து எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது. புத்திசாலித்தனமான தேர்வு. பம்பார்டியரோ வேறு விமானங்களுக்கு அதிகம் போகாததால் இன்றைக்கு உதிரிபாகம் குதிரைக்கொம்பு. ஜிப்சி மேஜர் போட்ட ஆஸ்டர் என்றால் யோசிக்கலாம், அதே எஞ்சின் போட்ட பழைய பயிற்சி விமானமான டைகர் மோத் பறக்கும்வரை அந்த எஞ்சினுக்கு ஆள் இருப்பார்கள்.

எரிபொருளும் பார்க்க வேண்டும்

இந்தப் பத்தாண்டில் வாங்குகிறவருக்குப் புதிதாக ஒரு கணக்கு சேர்ந்திருக்கிறது. விமானப் பெட்ரோலில் கலக்கும் ஈயச் சேர்மத்தை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தேவைப்படும் பட்டியலில் சேர்த்து, 2025 மே 1ஐக் கெடுவாக வைத்தது. அமெரிக்காவும் 2030க்குள் ஈயத்தை விட முயல்கிறது. இங்கே பழசாக இருப்பது ஆதாயம். 150 குதிரைத்திறன் ஓ-320, ஜேக்கப்ஸ், ஏஐ-14 மூன்றுமே அழுத்த விகிதம் குறைந்தவை. தாழ்ந்த ஆக்டேன் பெட்ரோலுக்காகவே பிறந்தவை. 295 குதிரைத்திறன் ஜிஓ-480இன் அழுத்த விகிதம் 8.7. அது பழைய 100/130 ஆக்டேன் பெட்ரோலைக் கேட்டு வடிவமைத்தது. ஈயம் போகும் நாளில் முதலில் தலைவலி வருவது ஹீலியோக்காரருக்குத்தான்.

இதையெல்லாம் வைத்து என் முடிவைச் சொல்கிறேன். இரண்டு பேர், நிறைய பறக்க வேண்டும், செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் ஓ-320 போட்ட சூப்பர் கப். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்கு பேர் போக வேண்டும், ரேடியலோடு மல்லுக்கட்ட ஒருவராவது ஆர்வமாக இருக்கிறார் என்றால் வில்கா. அமெரிக்கச் சான்றிதழ் வேண்டுமென்றால் அந்த விதிகளுக்கேற்பச் செய்த வில்கா 80ஐத் தேடலாம். தூரமும் பாரமும் வேகமும் சேர்ந்து வேண்டும் என்றால் ஹீலியோ எச்-250. அது கிடைக்காவிட்டால், அண்மையில் பிரித்துக் கோர்த்து, அதற்குப் பிறகு தவறாமல் பறந்திருக்கிற எச்-295. ஸ்டார்க் மேல் காதல் கொண்டவர்கள் எம்எஸ்.505 வாங்கட்டும். அந்தக் காதலுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் பார்க்கப் போகும்போது பதிவேட்டில் மொத்த மணி நேரத்தை விட, கடைசி ஐந்து ஆண்டில் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பிரித்துக் கோர்த்து வெறும் 100 மணி நேரம்தான் ஆகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள், கோர்த்தது இருபது வருடத்துக்கு முன்பாக இருக்கும். பறக்காமல் நின்ற எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு துருப்பிடிக்கும், ஓ-320இல் கேம் மேலே இருப்பதால் எண்ணெய் வடிந்தவுடன் முதலில் காய்வது அதுதான். எண்ணெய் வடிகட்டியை வெட்டி விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்புகளுக்குள் பளபளக்கும் உலோகத் துகள் இருந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். ஜிஓ-480 என்றால் ப்ரொப்பெல்லரைக் கையால் முன்னும் பின்னும் லேசாக அசைத்து, பல்சக்கரத்தில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பார்க்க வேண்டும். ஹீலியோவில் ஒவ்வொரு முன்விளிம்புத் தகட்டையும் விரலால் உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இலேசாக ஓட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் சிக்கிக்கொண்டால் மெதுவான வேகத்தில் விமானம் அந்தப் பக்கம் கவிழும். சூப்பர் கப்பில் இறக்கையைத் தாங்கும் கம்பிகளின் கீழ்நுனியைப் பாருங்கள். உள்ளே தண்ணீர் நின்று துருப்பிடிப்பதால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதற்குக் கட்டாயப் பரிசோதனை விதித்திருக்கிறது. முழுக்க மூடிய புதுக் கம்பி போட்டிருந்தால் அந்த வேலை மிச்சம், போடவில்லையென்றால் அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள்.